கொடைக்கானல் பழைய பட அஞ்சலட்டைகள்: சேகரிப்பும் பட்டியலாக்கமும்

கொடைக்கானல் பட அஞ்சலட்டைகள் என்பவை, பழனி மலையின் மேற்பகுதியிலுள்ள கொடைக்கானலையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஒரு பக்கத்தில் படமாகக் கொண்டு, மறுபக்கத்தில் முகவரியும் செய்தியும் எழுத இடம் விட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் வெளிவந்த தபால் அட்டைகள் ஆகும். சென்னை, உதகமண்டலம் போன்ற ஊர்களின் அட்டைகளைப் போல இவை பெயர்பெற்றவை அல்ல. சேகரிப்பாளர் சந்தையில் இவற்றைத் தேடி வருபவரும் குறைவு. ஆனால் பழனி மலையின் புல்வெளிகள் எப்படி இருந்தன என்று அறிய விரும்புவோருக்கு, செயற்கைக்கோள் படங்கள் வருவதற்கு முந்தைய காலத்தின் சான்றுகளில் இவையும் ஒன்று.

சிறுவயதில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்களுக்கும், 1990களில் பிக் ஃபன் பபுள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளைச் சேர்த்தவர்களுக்கும் இந்தப் பழக்கத்தின் அடிப்படை புதிதல்ல. ஒரு வரிசையில் மொத்தம் எத்தனை உண்டு, நம்மிடம் எத்தனை உண்டு, எது குறைகிறது என்பதே எல்லாச் சேகரிப்புக்கும் முதல் கேள்வி. பெயர்பெற்ற தொடர்களுக்கு இந்தக் கேள்வியின் விடை அச்சிலேயே கிடைக்கும். பெயர்பெறாத தொடர்களுக்கு விடையைச் சேகரிப்பாளரே உண்டாக்க வேண்டும்.

பட்டியல் ஏன் முதன்மையானது

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படங்களைச் சிகரெட் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அவற்றுள் 1909 முதல் 1911 வரை வந்த ஒரு தொடரில் 520க்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன. அத்தொடரின் ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று 2022இல் 72.5 இலட்சம் டாலருக்குக் கைமாறியது. செய்தித்தாள்கள் விலையை மட்டும் எழுதின. அத்தொடரை இன்று எல்லோரும் ‘டி206’ என்று அழைக்கிறார்கள் அல்லவா, அந்தப் பெயர் சிகரெட் கம்பெனி வைத்ததல்ல. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் ஆலைத் தொழிலாளியாக இருந்த ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் வைத்தது. அவர் 1939இல் தொடங்கி வெளியிட்ட பட்டியலில் ஒவ்வொரு தொடருக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்தார். பேஸ்பால் அட்டைகள் மட்டுமின்றி, விளம்பர அட்டைகள், வாழ்த்து அட்டைகள், தபால் அட்டைகள் எல்லாவற்றையும் அவர் சேர்த்தார். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அவரது அட்டைகள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான ஒருவர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நில்லாமல், திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று பிறர் எறிந்துவிடும் காகிதங்களையும் சேர்த்துவைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1994இல் அத்தொகுப்பைக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சிறு காகிதங்கள் தனித்தனியே இருக்கும்போது குப்பை, பட்டியலோடு சேர்ந்திருக்கும்போது ஆவணம்.

பட அட்டைகளின் பின்னணி

உலகின் முதல் தபால் அட்டை 1869இல் ஆஸ்திரிய-ஹங்கேரியில் வெளியானது. இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று காலணா விலையில் தபால் கார்டு வந்தது. அது படமில்லாத வெற்று அட்டை. தனியார் நிறுவனங்கள் அச்சிட்ட பட அட்டைகள் நூற்றாண்டின் இறுதியில்தான் இங்கு பரவின. சென்னையில் வீலே அண்டு கிளைன், ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர் போன்ற நிறுவனங்கள் தென்னிந்தியக் காட்சிகளை அட்டைகளாக விற்றன. இத்தகைய அட்டைகள் பலவும் ஜெர்மனியில், குறிப்பாகச் சாக்சனிப் பகுதியில், அச்சாகிக் கப்பலில் வந்தன. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. ஆகவே ‘சாக்சனியில் அச்சிடப்பட்டது’ என்று குறிப்புள்ள அட்டை பெரும்பாலும் அதற்கு முற்பட்டது என்று கொள்ளலாம்.

சென்னை, பெங்களூர் அட்டைகளைப் பற்றி இலண்டனில் 2018இல் ஒரு கண்காட்சியே நடந்தது. அதே ஆண்டில் ஓமர் கான் எழுதிய ‘பேப்பர் ஜுவல்ஸ்’ என்ற நூல் இந்திய அட்டைகளின் வரலாற்றை விரிவாகச் சொன்னது. பெருநகரங்களின் வேலை ஓரளவு நடந்துவிட்டது. மலையூர்களில்தான் மிச்சம் நிறைய உள்ளது.

கொடைக்கானலின் தனித்தன்மை

உதகமண்டலத்தை உருவாக்கியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். கொடைக்கானலில் முதலில் வீடு கட்டியவர்களோ மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள். 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலையை அளந்து சென்றபின், 1845இல் அவர்களின் முதல் இரண்டு வீடுகள் எழுந்தன. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு ஓடையைத் தடுத்து ஏரியை அமைத்தார். 1899இல் சூரிய ஆய்வகமும், 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளியும் வந்தன.

இந்த வரலாறு அட்டைகளின் பயணத்தையும் தீர்மானித்தது. கோடையில் மலையேறிய மிஷன் குடும்பங்கள் ஊருக்கு எழுதிய அட்டைகள் அமெரிக்காவின் சிற்றூர்களுக்கும் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் போயின. எனவே பழைய கொடைக்கானல் அட்டையைக் கொடைக்கானல் கடைவீதியில் தேடுவதைவிட, கடல் கடந்த பழம்பொருள் விற்பனைகளிலும் இணைய ஏலங்களிலும் தேடுவதே பலன் தரும். இங்கே தேட விரும்புவோர்க்குச் சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளும், தபால்தலைக் கண்காட்சிகளில் கடை போடும் வியாபாரிகளும் உள்ளனர்.

இன்னொரு விளைவும் உண்டு. அக்காலத்தில் ஒளிப்படத்தாளே பின்புறம் தபால் அட்டை அச்சோடு விற்கப்பட்டது. கையில் கேமரா வைத்திருந்த எவரும் தாம் எடுத்த படத்தை அந்தத் தாளில் கழுவி அஞ்சலில் சேர்க்க முடிந்தது. இவற்றை அசல் ஒளிப்பட அட்டைகள் என்பர். ஒரு படத்துக்கு ஐந்தோ பத்தோ படிகள் மட்டும் இருக்கலாம், சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று. இவற்றுக்கு வெளியீட்டாளரும் இல்லை, தொடர் எண்ணும் இல்லை. பட்டியலில் சேர்ப்பதற்கு மிகவும் தொல்லை தருபவை இவையே, மிகவும் தேவையானவையும் இவையே. கடைக்கு விற்பனையான ஏரி, தூண் பாறை, வெள்ளி நீர்வீழ்ச்சி ஆகியவற்றைத் தாண்டி, வியாபாரத்துக்கு உதவாத ஒரு வெற்றுச் சரிவை நோக்கிக் கேமராவைத் திருப்பியவர்கள் இத்தகைய தனியாட்களே.

காலம் கணித்தல்

அட்டையில் ஆண்டு அச்சிடப்பட்டிருப்பது அரிது. தபால் முத்திரை தெளிவாக இருந்தால் வேலை எளிது. ஆனால் முத்திரை சொல்வது அனுப்பிய நாளைத்தான், படம் எடுத்த நாளை அல்ல. பத்து ஆண்டுக்கு முந்தைய படத்தையும் கடைக்காரர் விற்றுக்கொண்டிருப்பார்.

முதலில் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். நடுக்கோடு இல்லாமல் முழுப் பக்கமும் முகவரிக்கே என்றிருந்தால் அட்டை மிகப் பழையது. செய்திக்கும் முகவரிக்கும் பக்கத்தைப் பிரிக்கும் முறையைப் பிரிட்டன் 1902இலும் அமெரிக்கா 1907இலும் ஏற்றன. இந்திய அட்டைகளும் அதையொட்டிய ஆண்டுகளில் மாறின. அடுத்தது தபால் தலை. ஏழாம் எட்வர்டு தலை 1902 முதலும், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதலும், ஆறாம் ஜார்ஜ் 1937 முதலும் புழங்கின. உள்நாட்டுக் கட்டணம் 1922இல் காலணாவிலிருந்து அரையணா ஆனது. பின்கோடு எழுதப்பட்டிருந்தால் அட்டை 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது.

பிறகு படம். சூரிய ஆய்வகத்தின் கூண்டு தெரிந்தால் 1899க்கு முந்தையதாக இருக்க முடியாது. மலைப்பாதை பற்றிய அட்டைகள் இன்னும் உதவும். பழைய பாதை பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறியது. நடந்தும், மட்டக்குதிரையிலும், ஆள் சுமந்த நாற்காலியிலும் சென்றனர். மேஜர் லா பெயரால் வழங்கும் வண்டிச்சாலை 1914–16 காலத்தில்தான் முடிந்து திறக்கப்பட்டது. மலையில் மோட்டார் நிற்கும் அட்டையை அதற்கு முன்னே கொண்டுபோக இயலாது. அட்டையில் ‘அம்மையநாயக்கனூர்’ என்று குறிக்கப்படும் இரயில் நிலையமே இன்றைய கொடைக்கானல் ரோடு.

இடப்பெயர்களும் காலம் சொல்லும். பழைய ஆங்கில அட்டைகளில் பழனி ‘புல்னி’ என்று இருக்கும். ‘டெவில்ஸ் கிச்சன்’ என்ற பெயர் மட்டும் இருந்து ‘குணா குகை’ என்ற பெயர் இல்லாவிட்டால், பெரும்பாலும் 1991இல் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ படம் வருவதற்கு முந்தைய அட்டை எனலாம். மாவட்டம் மதுரை என்றிருந்தால், திண்டுக்கல் மாவட்டம் பிரிந்த 1985க்கு முந்தையது.

இவை எல்லாவற்றிலும் அழகான குறிப்பு செய்திப் பகுதியில் வரக்கூடும். மலை முழுதும் நீலமாகக் குறிஞ்சி பூத்திருக்கிறது என்று யாரேனும் எழுதியிருந்தால், பன்னிரண்டு ஆண்டுச் சுழற்சியில் பின்னோக்கி எண்ணலாம்: 2018, 2006, 1994 என்று போய் 1934, 1922, 1910 வரை. அரையணாத் தபால்தலையும் ஐந்தாம் ஜார்ஜ் முகமும் கிழிந்த முத்திரையும் இருக்கும் அட்டையில் குறிஞ்சியும் வந்துவிட்டால், 1922ஆம் ஆண்டை நோக்கிக் கை நீட்டலாம். சில சரிவுகளில் குறிஞ்சி பொதுச்சுழற்சிக்கு வெளியேயும் பூப்பதுண்டு என்பதால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

எண்களில் உள்ள பொறி

தொடர் எண் உள்ள அட்டைகள் புதியவர்களை ஏமாற்றும். ஒரே வெளியீட்டாளரின் 14, 15, 19 எண்ணுள்ள மூன்று கொடைக்கானல் அட்டைகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். 16, 17, 18 தொலைந்த கொடைக்கானல் அட்டைகள் என்று தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. வெளியீட்டாளர் தென்னிந்தியா முழுமைக்கும் ஒரே எண்வரிசை வைத்திருந்தால், நடுவிலுள்ளவை மதுரைக் கோபுரமாகவோ குன்னூர் இரயிலாகவோ இருக்கும். எனவே கொடைக்கானலை மட்டும் சேர்ப்பவரும், அதே வெளியீட்டாளரின் பிற ஊர் அட்டைகளின் எண்களைக் குறித்துவைப்பது அவசியம். வாங்க வேண்டாம், குறித்தால் போதும்.

ஒரே படம் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு எழுத்துருவில், சில சமயம் வேறு வெளியீட்டாளர் பெயரிலும் மறுபடி வரும். ஓரம் வெட்டப்பட்டும் வரும். பட்டியலில் ‘படம்’ என்பதையும் ‘அட்டை’ என்பதையும் வெவ்வேறு பதிவுகளாக வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்: ஒரு படத்தின் கீழ் அதன் எல்லா அச்சுகளும். ஒவ்வொரு பதிவிலும் தலைப்பை எழுத்துப் பிழையோடு உள்ளபடியே எழுத வேண்டும். பிழையைத் திருத்தி எழுதிவிட்டால், இரண்டு அச்சுகளை வேறுபடுத்திய ஒரே அடையாளமும் போய்விடும்.

புல்வெளியின் சான்று

பழனி மலையின் உயர்ந்த பகுதிகளில் இயற்கையாக அமைந்தது புல்வெளியும் சோலையும் கலந்த நிலம். மடிப்புகளில், நீர் வழியும் பள்ளங்களில், குட்டையான அடர்ந்த சோலைக்காடு. அதைச் சுற்றி உருண்ட சரிவுகளில் புல். இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் ஓர் எல்லை. மழைநீரைப் பிடித்து மெல்ல விடுவதில் இந்தப் புல்லுக்கும் பங்குண்டு. மலையின் வடக்கிலும் தெற்கிலும் இறங்கும் ஓடைகள் சமவெளி வயல்களுக்குப் போகின்றன.

மரம் இல்லாத நிலம் வீணான நிலம் என்று நினைத்த காலத்தில் இச்சரிவுகளில் தைலமரமும் சீகைமரமும் பைன் மரமும் நடப்பட்டன. ஆஸ்திரேலிய மரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கு வந்துவிட்டாலும், பெருந்தோட்டங்கள் எழுந்தது சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில். தோல் பதனிடச் சீகைப்பட்டையும், ஆலைகளுக்கு மரக்கூழும் தேவைப்பட்டன. நட்ட இடத்தோடு சீகை நிற்கவில்லை. விதை பரவிப் புல்லுக்குள் புகுந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973 முதல் 2014 வரையிலான நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டியது.

அந்த ஆய்வு 1973இல் தொடங்குவதற்குக் காரணம் எளியது: நிலத்தைப் படமெடுக்கும் லாண்ட்சாட் செயற்கைக்கோள் 1972இல்தான் மேலே போனது. தோட்டங்களில் ஒரு பகுதி அப்போதே எழுந்துவிட்டது. அதற்கு முந்தைய நிலையைச் சொல்ல நில அளவை வரைபடங்களும், பயணிகளின் எழுத்தும், ஒளிப்படங்களும்தான் உள்ளன. ஆண்டுதோறும் பல கைகள் பல திசைகளில் எடுத்து, தேதி முத்திரையும் குத்தி வைத்த படங்களோ பட அட்டைகளே. இன்று பைன் காட்டைக் கொடைக்கானலின் இயற்கை என்று நம்பிப் படமெடுத்துச் செல்கிறார்கள் பயணிகள்; அக்காட்டையே அழகுக் காட்சியாக அச்சிட்ட பிற்கால வண்ண அட்டைகளும் உண்டு. புல்வெளியை மீட்க வேண்டும் என்று பேசும்போது, எந்தச் சரிவில் எது இருந்தது என்று ஒருவர் கேட்டால் காட்டுவதற்குப் படம் வேண்டும்.

படத்தின் இடத்தைக் கண்டறிய மலைமுகட்டின் கோடுதான் கைகொடுக்கும். முன்னே உள்ள வீடும் மரமும் மாறும். கோக்கர்ஸ் வாக் பக்கமிருந்து தெரியும் பெருமாள் மலையின் முகடு மாறாது. இரண்டு முகடுகள் எங்கே ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பார்த்து, அதே மறைப்பு தெரியும்வரை நடந்தால், பழைய கேமரா நின்ற இடத்துக்குச் சில அடி தூரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து எடுத்த இன்றைய படத்தையும், இடத்தின் ஆயங்களையும், மாதத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாதம் முக்கியம்: பிப்ரவரியில் பனியில் கருகிய புல்லும் அக்டோபர் மழையில் நின்ற புல்லும் கறுப்பு வெள்ளையில் வேறு வேறு நிலம்போலத் தோன்றும்.

அட்டை பொய்யும் சொல்லும். வண்ண அட்டைகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் அச்சகத்தில் ஏற்றிய சாயம். கொடைக்கானலைக் கண்ணாலும் காணாத ஒருவர் தீர்மானித்த பச்சை அது. வானத்தில் மேகம் ஒட்டுவார்கள், மங்கலான மரத்தைத் தூரிகையால் தெளிவாக்குவார்கள், சில நேரம் படத்தையே இடவலம் மாற்றி அச்சிடுவார்கள். ஆகவே நிறத்தை நம்பக்கூடாது, உருவத்தை நம்பலாம். பள்ளத்தில் கூரிய எல்லையோடு இருண்ட திட்டு தெரிந்தால் சோலை, சரிவில் சம இடைவெளியில் நிமிர்ந்த மரவரிசை தெரிந்தால் தோட்டம். கூடுமானால் அதே இடத்தின் இரண்டாவது அட்டையோடு ஒப்பிட்டபின் முடிவு செய்வது நல்லது.

அட்டையில் இருக்கும் மனிதர்கள்

நாற்காலி சுமப்பவர்கள், விறகு தூக்கும் பெண்கள், மலைவாழ் மக்கள் ஆகியோரைக் காட்டும் அட்டைகள் இத்தகைய தொகுப்புகளில் வரும். நாற்காலியில் உட்கார்ந்தவரின் பெயர் சில சமயம் பின்புறச் செய்தியிலிருந்து தெரியவரும். தூக்கியவரின் பெயர் தெரியாது. தலைப்புகள் அவர்களைத் தொழிலாலோ இனத்தாலோ மட்டும் அழைத்தன, பல இடங்களில் தவறாகவும் அழைத்தன. அந்தத் தலைப்பைப் பட்டியலில் மேற்கோளாக மட்டும் வைத்து, படத்தில் உண்மையில் என்ன தெரிகிறது என்பதைத் தனியே எழுதுவதே முறை.

எழுதப்படாத புத்தம்புது அட்டைக்கே சந்தையில் விலை அதிகம் கேட்பார்கள். ஆவண நோக்கில் பார்த்தால் எழுதி, முத்திரை குத்தி, மூலை மழுங்கிய அட்டையே மேல்.

போலியும் பாதுகாப்பும்

பழைய கொலோடைப் அச்சைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய சுருக்கங்கள் போலத் தெரியும். புள்ளி அச்சில் ஒழுங்கான கறுப்புப் புள்ளிகள் தெரியும். அசல் ஒளிப்பட அட்டையில் புள்ளியே இராது. நான்கு நிறப் புள்ளிகள் பூவிதழ்போல் அமைந்திருந்தால் அது பிற்கால மறு அச்சு. புற ஊதா விளக்கின் கீழ் தாள் பளிச்சென்று நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் உண்டு. அது 1950க்கு முந்தைய தாளாக இருப்பது அரிது.

கொடைக்கானல் போன்ற ஈரமான ஊரில் அட்டைக்குப் பெரும் பகை பூஞ்சை. அடுத்தது இராமபாணப் பூச்சி. பிவிசி உறை காலப்போக்கில் பிசுபிசுத்துப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையே ஏற்றது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டவே கூடாது. பர்டிக் தம் அட்டைகளை எல்லாம் ஒட்டித்தான் வைத்தார். அது அக்கால வழக்கம். தபால் அட்டையை ஒட்டினால் பாதி ஆவணம் பசைக்கு அடியில் போய்விடும். ஒளிப்பட அட்டையின் இருண்ட பகுதிகளில் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் படலம் தோன்றினால் துடைக்க வேண்டாம். அது படத்திலிருந்தே வெளிவந்த வெள்ளி.

இரு பக்கங்களையும் 600 புள்ளி அடர்த்தியில் வருடி, கோப்பின் பெயரில் பட்டியல் எண்ணைச் சேர்த்து, ஒரு படியை வீட்டுக்கு வெளியே வேறிடத்தில் வைக்க வேண்டும். விற்க நேர்ந்தாலும் வருடிய படமும் பட்டியலும் தங்கும். அடுத்து அதே அட்டையை வேறொருவர் ஏலத்தில் காணும்போது, அது முன்பே பதிவான படமா, புதிய சரிவா என்று அதைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.